கன்ட்ரோல்-சி கொடுத்தால் விண்டோ ஏன் எப்போதாவது மட்டும் உறைந்துபோகிறது?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். சி++-இல் எழுதிய ஒரு கிராஃபிக்கல் புரோகிராம். பின்னணியில் நான்கைந்து த்ரெட்டுகள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை ஓட்டங்கள்) படங்களைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கின்றன. டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும், வேறு இடத்திலிருந்து கில் கட்டளை வந்தாலும், செய்ததைச் சேமித்துவிட்டு ஒழுங்காக மூட வேண்டும். அதற்காக சிக்னல் ஹேண்ட்லர் (கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், புரோகிராமுக்குத் தரும் சிக்னல் என்ற அறிவிப்பு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஒன்றை எழுதி, சேமிக்கும் ஃபங்ஷனையும் ஈவன்ட் லூப்பை (க்ளிக் போன்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையாளும் சுற்றை) நிறுத்தும் ஃபங்ஷனையும் அதற்குள்ளேயே கூப்பிட்டிருக்கிறார். பெரும்பாலான நேரம் சரியாக நடக்கிறது. எப்போதாவது விண்டோ அப்படியே உறைந்து நிற்கிறது. சிக்னல் எந்த த்ரெட்டுக்குப் போகிறது, அதை எங்கே வைத்துக் கையாள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அந்த "எப்போதாவது"தான் இங்கே முக்கியமான தடயம். ஹேண்ட்லர் என்பது நாம் கூப்பிடும் ஃபங்ஷன் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு த்ரெட்டை, அது எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே நிறுத்தி, அதன் தலைக்கு மேல் கெர்னல் ஏற்றி வைக்கும் ஃபங்ஷன். அந்த த்ரெட் ஒரு லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்துக்கொண்டிருக்கும்போது நின்றிருந்தால், ஹேண்ட்லர் முடியும் வரை அந்த லாக்கை விட ஆளில்லை. ஹேண்ட்லருக்கும் அதே லாக் வேண்டுமென்றால், தான் பிடித்த லாக்குக்குத் தானே காத்திருக்கும். நிறுத்தப்பட்ட வரி எது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் எப்போதாவது.

எனக்கு இது புரிந்தது ஒரு உறைந்த ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை) ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் பிடித்துப் பார்த்தபோது. பேக்ட்ரேஸை, அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலை, கீழிருந்து மேலாகப் படித்தேன்: மெயின், அதற்கு மேல் ஈவன்ட் லூப், பிறகு விண்டோவை வரையும் ஏதோ ஒரு ஃபங்ஷன், அது கூப்பிட்ட மாலாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன், உள்ளே தனக்கென்று லாக் வைத்திருப்பது). அதற்கு மேல் தனியாக ஒரு வரி: சிக்னல் ஹேண்ட்லர் கூப்பிடப்பட்டது. அதற்கு மேல் என் ஹேண்ட்லர், நான் ஆசையாக எழுதி வைத்த "மூடுகிறேன்" என்ற பதிவுச் செய்தி, அந்தச் செய்திக்கான ஸ்ட்ரிங், மறுபடியும் மாலாக், உச்சியில் லாக்குக்காகக் காத்திருக்கும் வரி. ஒரே த்ரெட்டின் ஒரே ஸ்டாக்கில் மாலாக் இரண்டு முறை. கீழே இருப்பது முடிந்தால்தான் மேலே இருப்பது நகரும். மேலே இருப்பது முடிந்தால்தான் கீழே இருப்பது தொடரும். அந்த ஒரு திரையைப் பார்த்த பிறகு ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் (செய்தியை அச்சிடும் ஃபங்ஷன்) எழுதக் கை வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான கிளிப்சி-யில், 2017-இல் வந்த 2.26-இலிருந்து ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக ஒரு சிறு நினைவகச் சேமிப்பு இருக்கிறது. சின்னச் சின்ன மாலாக் பெரும்பாலும் லாக் இல்லாமலே முடிந்துவிடும். அதனால் பிழை போய்விடவில்லை, அரிதாகிவிட்டது, அவ்வளவுதான். அரிதான பிழை நம் கணினியில் வராது, பயன்படுத்துபவரின் கணினியில்தான் வரும்.

ஹேண்ட்லருக்குள் எதைக் கூப்பிடலாம் என்பதற்கு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையில் ஒரு பட்டியல் இருக்கிறது. ரைட், ரீட், அண்டர்ஸ்கோர் போட்ட எக்ஸிட், செம்-போஸ்ட் போன்றவை அதில் உண்டு. மாலாக், பிரின்ட்எஃப், மியூடெக்ஸ் லாக் அதில் கிடையாது. விண்டோக்களை உருவாக்க உதவும் லைப்ரரிகளான ஜிடிகே, க்யூட்டி இரண்டிலும் இருக்கும் எந்த ஃபங்ஷனும் அதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் விட்ஜெட்டை (பட்டன் போன்ற விண்டோ உறுப்பை) தொடவில்லை, லூப்பில் ஒரு வேலையைப் போட்டுவிட்டு வருகிறேன், அவ்வளவுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். ஜிடிகே-யின் அடியில் இருக்கும் ஜிலிப் லைப்ரரியின் ஐடில்-ஆட் (லூப்பில் வேலையைப் போடும் ஃபங்ஷன்) நினைவகம் ஒதுக்குகிறது, மெயின் கான்டெக்ஸ்டின் லாக்கையும் எடுக்கிறது. க்யூட்டியில் இன்வோக்-மெத்தடை க்யூவில் போடச் சொன்னாலும் அதேதான், ஈவன்ட் ஆப்ஜெக்டை உருவாக்கி க்யூவின் லாக்கை எடுக்கும். மற்ற த்ரெட்டிலிருந்து இவற்றைக் கூப்பிடுவது பாதுகாப்பானது. ஹேண்ட்லரிலிருந்து கூப்பிடுவது பாதுகாப்பானது அல்ல. த்ரெட் பாதுகாப்பும் சிக்னல் பாதுகாப்பும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன.

சரி, எந்த த்ரெட்டுக்குப் போகிறது? ஹேண்ட்லர் என்பது ப்ராசஸ் முழுவதற்கும் பொது. ஒரு த்ரெட்டில் வைத்தால் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் எந்த சிக்னலைத் தடுத்து வைப்பது என்னும் மாஸ்க் த்ரெட்டுக்குத் த்ரெட் தனி. கில் கட்டளையிலோ கன்ட்ரோல்-சி-யிலோ வருவது ப்ராசஸுக்கு அனுப்பப்பட்ட சிக்னல். அதைத் தடுக்காமல் வைத்திருக்கும் த்ரெட்டுகளில் ஏதாவது ஒன்றிடம் கெர்னல் கொடுத்துவிடும். எது என்று தரநிலை சொல்வதில்லை. லினக்ஸ் முதலில் மெயின் த்ரெட்டைத்தான் பார்க்கும், அது தடுத்திருந்தால் மற்றவற்றைத் தேடும். கிராஃபிக்கல் புரோகிராமில் மெயின் த்ரெட் என்றால் விண்டோவை வரையும் த்ரெட், அதாவது லாக்குகளை அதிகம் கையில் வைத்திருப்பது. மோசமான இடமாகப் பார்த்துத்தான் போய் இறங்குகிறது.

சிக்செக்வி போன்றவை இதில் சேராது. தவறான முகவரியைத் தொட்ட த்ரெட்டுக்கே அது வரும். அதைப் பிடித்து "சேமித்துவிட்டு மூடலாம்" என்று நினைக்காதீர்கள். நினைவகம் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கலாம், அந்த நிலையில் எழுதினால் நல்ல ஃபைலும் கெடும். வேண்டுமானால் ஒரு வரியை ரைட் மூலம் எழுதிவிட்டுச் சாக விடுங்கள்.

என் பதிலை ஒரே வரியில் சொல்வதானால்: சிக்னலை மவுஸ் க்ளிக் மாதிரி ஆக்கிவிடுங்கள். க்ளிக் எப்படி வருகிறது? எங்கேயோ ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரில் (திறந்திருக்கும் ஃபைல், பைப் போன்றவற்றைக் குறிக்க கெர்னல் தரும் எண்) சில பைட்டுகள் வருகின்றன, லூப் தன் முறை வரும்போது படிக்கிறது, தன் த்ரெட்டின் கையில் லாக் இல்லாத நேரத்தில் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. சிக்னலும் அந்த வழியாகவே வந்துவிட்டால், சேமிப்பதா, டயலாக் காட்டுவதா, த்ரெட்டுகளை நிறுத்துவதா, எல்லாம் சாதாரண கோட். அதைச் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன.

பழைய வழி, தனக்குத் தானே பைப் (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கும் குழாய்) போட்டுக்கொள்வது. 1990 வாக்கில் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் சொன்ன உத்தி. ஆரம்பத்திலேயே ஒரு பைப்பைத் திறந்து இரு முனைகளையும் நான்-பிளாக்கிங் ஆக்கிவிடுங்கள். ஹேண்ட்லர் எழுதும் முனையில் ஒரே ஒரு பைட் எழுதும், அதோடு அதன் வேலை முடிந்தது. படிக்கும் முனையை லூப் கவனிக்கும்; க்யூட்டியில் அதற்கு சாக்கெட் நோட்டிஃபையர் இருக்கிறது, க்யூட்டியின் ஆவணமே சாக்கெட் ஜோடி ஒன்றை வைத்து இதே முறையைத்தான் காட்டுகிறது. ஹேண்ட்லருக்குள் நுழையும்போது எர்நோ (கடைசிப் பிழையின் எண்) மதிப்பை எடுத்து வைத்து, வெளியே வரும்போது திருப்பி வைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹேண்ட்லரில் நடந்த ரைட் தோற்றால், நிறுத்தப்பட்ட த்ரெட் தன் சொந்தப் பிழை எண்ணைப் பார்க்கும்போது சம்பந்தமே இல்லாத ஒன்றைப் பார்க்கும். நான்-பிளாக்கிங் எதற்கு என்றால், பைப் நிறைந்துவிட்டால் ஹேண்ட்லர் அங்கேயே தூங்கிவிடக் கூடாது. நிறைந்திருந்தால் லூப்பை எழுப்ப வேண்டிய பைட் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றுதான் பொருள், இன்னொன்று தேவையில்லை.

இரண்டாவது, சிக்னல்எஃப்டி. 2007-இல் லினக்ஸ் 2.6.22-இல் வந்தது. சிக்னல்களைத் தடுத்து வைத்துவிட்டு, அவற்றை ஃபைல் டிஸ்கிரிப்டரிலிருந்து படிக்கலாம். ஒவ்வொரு சிக்னலுக்கும் 128 பைட் கொண்ட ஒரு தகவல் கட்டு வரும், யார் அனுப்பினார்கள் என்பது உட்பட. ஹேண்ட்லர் என்ற பேச்சே இல்லை. லினக்ஸுக்கு மட்டும் எழுதுபவர்களுக்குச் சுத்தமான வழி. மேக்கில் இது கிடையாது, அங்கே கேக்யூ மூலமாகவோ டிஸ்பேட்ச் சோர்ஸ் மூலமாகவோ இதே பலனைப் பெறலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: சிக்னலுக்கென்றே ஒரு த்ரெட். எல்லா த்ரெட்டிலும் சிக்னல்களைத் தடுத்துவிடுங்கள். ஒரே ஒரு த்ரெட் சிக்வெயிட் ஃபங்ஷனில் போய் உட்கார்ந்திருக்கும். சிக்னல் வந்ததும் அது சாதாரண ஃபங்ஷனிலிருந்து திரும்புவது போலத் திரும்பும். நடுவில் யாரையும் நிறுத்தவில்லை, அதனால் அந்த த்ரெட்டில் மாலாக், பிரின்ட்எஃப், ஐடில்-ஆட், இன்வோக்-மெத்தட் எல்லாவற்றையும் தாராளமாகக் கூப்பிடலாம். விட்ஜெட்டை மட்டும் நேரடியாகத் தொடாமல், "மூடும் வேலையைத் தொடங்கு" என்று லூப்புக்குச் சொல்லி அனுப்பினால் போதும். பாசிக்ஸ் தரநிலையில் இருப்பதால் லினக்ஸ், மேக், பிஎஸ்டி எல்லாவற்றிலும் ஒரே கோட் ஓடும். ஒரு த்ரெட் வீணாகிறதே என்பார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் த்ரெட்டால் யாருக்கும் சுமை இல்லை.

ஜிடிகே பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம். ஜிலிப் 2.30-இலிருந்து யூனிக்ஸ்-சிக்னல்-ஆட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஹேண்ட்லரில் ஒரு கொடியை ஏற்றிவிட்டு, தன் உள் த்ரெட்டை எழுப்பி, அதன் வழியாக உங்கள் கால்பேக்கை லூப்பில் கூப்பிடும் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆனால் இதையும் மாஸ்க் போடும் முறையையும் கலக்காதீர்கள். எல்லா த்ரெட்டிலும் சிக்டெர்ம் (கில் கட்டளை இயல்பாக அனுப்பும் சிக்னல்) தடுக்கப்பட்டிருந்தால் ஜிலிப் வைத்த ஹேண்ட்லர் ஓட ஒரு த்ரெட்டும் இல்லை, கால்பேக் வரவே வராது. இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து இரண்டையும் போட்டுவிட்டு, கில் கட்டளைக்கு அசையாத புரோகிராமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

மாஸ்க்கை எப்போது போடுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். புதிய த்ரெட் தன்னை உருவாக்கிய த்ரெட்டின் மாஸ்க்கை அப்படியே எடுத்துக்கொள்ளும். எனவே மெயினின் முதல் வரியிலேயே, க்யூட்டி அப்ளிகேஷன் ஆப்ஜெக்டையோ ஜிடிகே-யையோ தொடங்குவதற்கு முன்பே, தடுத்துவிட வேண்டும். "நான் த்ரெட் தொடங்குவது அப்புறம்தானே" என்று நினைக்கக் கூடாது. டி-பஸ், ஒலி, கிராஃபிக்ஸ் டிரைவர் என்று பல லைப்ரரிகள் உங்களைக் கேட்காமலே த்ரெட் திறக்கும். த்ரெட் உள்ள புரோகிராமில் இதற்கு பி-த்ரெட்-சிக்மாஸ்க்தான் சரி. சிக்ப்ராக்மாஸ்க் பல த்ரெட் உள்ள ப்ராசஸில் என்ன செய்யும் என்று தரநிலை வரையறுக்கவில்லை.

எல்லாம் சரியாகப் போட்ட பிறகும் ஒருமுறை என் புரோகிராம் சிக்டெர்ம் வந்ததும் சேமிக்காமல் பொட்டென்று செத்துப்போனது. சிக்வெயிட்டில் ஆள் இருக்கிறார், பிறகு எப்படி? ப்ராக் அடைவில், அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ், டாஸ்க் என்ற உள் அடைவில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் ஃபைல் இருக்கும். அதில் சிக்-பிஎல்கே என்று தொடங்கும் வரி அந்த த்ரெட் தடுத்திருக்கும் சிக்னல்களைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும். சிக்ஹப் (1, டெர்மினல் மூடும்போது வருவது), சிக்இன்ட் (2, கன்ட்ரோல்-சி அனுப்புவது), சிக்டெர்ம் (15) மூன்றையும் தடுத்தால் அந்த எண் 4003 என்று முடியும்: கடைசி 3 முதல் இரண்டுக்கும், 4000 பதினைந்தாவது பிட்டுக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். 4003, 4003, 4003, அப்புறம் ஒரே ஒரு த்ரெட்டில் மட்டும் முழுக்க பூஜ்யம். ஒலி லைப்ரரி ஒன்றைச் சுற்றி எழுதிய ஒரு குளோபல் ஆப்ஜெக்ட், அதன் கன்ஸ்ட்ரக்டர் மெயினுக்கு முன்பே ஓடி, த்ரெட்டைத் திறந்துவிட்டது. தடை இல்லாத அந்த த்ரெட்டிடம் சிக்னல் போனது. ஹேண்ட்லர் இல்லாததால் இயல்பான செயல், அதாவது சாவு. அந்த ஆப்ஜெக்டை மெயினுக்குள் இழுத்துப் போட்டதும் தீர்ந்தது. இப்போதெல்லாம் கேட்டால் முதலில் அந்த வரியைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மாஸ்க்கின் இன்னொரு வால் சைல்ட் ப்ராசஸ், அதாவது உங்கள் புரோகிராம் தொடங்கும் இன்னொரு புரோகிராம். எக்செக் (ஒரு ப்ராசஸ் தன்னை வேறு புரோகிராமாக மாற்றிக்கொள்வது) நடக்கும்போது ஹேண்ட்லர்கள் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும், ஆனால் தடுத்த சிக்னல்கள் தடுத்தபடியே போகும். உங்கள் புரோகிராம் படங்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஒரு வெளிப் புரோகிராமைத் தொடங்கினால், அது பிறக்கும்போதே சிக்டெர்முக்குக் காது கேட்காமல் பிறக்கும். நீங்கள் "நிறுத்து" பட்டனை அழுத்துவீர்கள், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோர்க்குக்கும் (ப்ராசஸைப் பிரதியெடுப்பது) எக்செக்குக்கும் நடுவில் மாஸ்க்கைக் காலி செய்ய வேண்டும். பாசிக்ஸ் ஸ்பானில் அதற்கு ஆட்ரிபியூட் உண்டு, க்யூட்டி 6-இன் க்யூப்ராசஸில் சைல்ட் ப்ராசஸ் மாடிஃபையர் உண்டு, ஜிலிபில் சைல்ட்-செட்டப் கால்பேக் உண்டு. டெர்மினலில் கன்ட்ரோல்-சி கொடுத்தால் முன்னணியில் உள்ள ப்ராசஸ் குழு முழுவதற்கும் சிக்இன்ட் போகும், கில் கட்டளையோ எண் கொடுத்த ஒரு ப்ராசஸுக்கு மட்டும் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். "டெர்மினலில் சோதித்தபோது எல்லாம் சேர்ந்து மூடியதே" என்ற குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

சிக்னல் லூப்புக்கு வந்துவிட்டது, இனி மூட வேண்டும். இங்கே இன்னொரு டெட்லாக் காத்திருக்கிறது. மெயின் த்ரெட் வொர்க்கர்களுக்கு (பின்னணி த்ரெட்டுகளுக்கு) "நில்" என்று ஓர் அட்டாமிக் கொடியை ஏற்றிவிட்டு, ஜாயின் செய்து அவை முடியும் வரை காத்திருக்கும். அதே நேரம் ஒரு வொர்க்கர் ப்ராக்ரஸ் பாரை மாற்றச் சொல்லி, பதில் வரும் வரை காத்திருக்கும் வகைக் கனெக்ஷனில் மெயினைக் கூப்பிட்டிருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். க்யூட்டியின் பிளாக்கிங்-க்யூட் கனெக்ஷனை வொர்க்கரில் பயன்படுத்தினால் இது என்றாவது நடந்தே தீரும். ஜாயினை மெயினில் நேரடியாகச் செய்யாமல், ஒவ்வொரு வொர்க்கரும் முடிந்ததும் ஒரு ஈவன்ட் அனுப்பட்டும், கடைசி ஈவன்ட் வந்ததும் லூப்பை நிறுத்துங்கள். கண்டிஷன் வேரியபிளில் தூங்கும் வொர்க்கர்களைத் தட்டி எழுப்பவும் மறக்காதீர்கள், கொடி ஏறியதைத் தூங்குபவர் பார்க்க மாட்டார்.

சிக்டெர்முக்கு "சேமிக்கட்டுமா?" என்று டயலாக் காட்டாதீர்கள் என்பது என் கருத்து. பெரும்பாலும் கணினி அணையும்போதோ செஷன் முடியும்போதோ வருவது அது, எதிரில் ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி பொறுக்கும், அதற்குப் பிறகு சிக்கில் (9). அதைப் பிடிக்கவோ தடுக்கவோ யாராலும் முடியாது. மீட்பு ஃபைல் ஒன்றில் தானாகவே எழுதிவிட்டு மூடி, அடுத்த முறை திறக்கும்போது கேளுங்கள். கன்ட்ரோல்-சி இரண்டாவது முறை வந்தால் எதையும் யோசிக்காமல் வெளியேறும்படி வைப்பது நல்லது. இரண்டு முறை அழுத்தியவர் பொறுமை இழந்துவிட்டார்.

சிக்பைப்பைத் தொடக்கத்திலேயே புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள், மறுமுனை மூடிய சாக்கெட்டில் எழுதியதற்காக விண்டோ முழுவதும் மறைவது அநியாயம். சைல்ட் முடிந்ததைச் சொல்லும் சிக்சைல்டைக் கவனிப்பதானால், வந்த சிக்னலை எண்ணாதீர்கள். மூன்று சைல்டுகள் அடுத்தடுத்து முடிந்தாலும் ஒரே சிக்னலாக வரலாம், வெயிட்-பிஐடி-யைக் காத்திருக்காத முறையில் யாரும் மிச்சமில்லாத வரை சுற்றிக் கூப்பிட வேண்டும்.

பைத்தானில் எழுதுபவர்களுக்குத் தலைகீழான பிரச்சினை: உறைவதில்லை, கன்ட்ரோல்-சி-க்கு ஒன்றுமே நடப்பதில்லை. பைத்தான் ஹேண்ட்லர்கள் மெயின் த்ரெட்டில், பைட்கோட் ஓடும்போது மட்டும்தான் ஓடும். பைத்தானிலிருந்து க்யூட்டியைப் பயன்படுத்தும் பைக்யூட்டியில், லூப்பைத் தொடங்கும் எக்செக் ஃபங்ஷனைக் கூப்பிட்ட பிறகு கட்டுப்பாடு சி++-க்குள் இருக்கிறது, பைத்தானுக்கு முறை வருவதில்லை. அரை விநாடிக்கு ஒருமுறை சும்மா எழும் டைமர் ஒன்றைப் போடுவது எல்லோரும் செய்யும் வைத்தியம். செட்-வேக்கப்-எஃப்டி-யை சாக்கெட் நோட்டிஃபையரோடு இணைப்பது இன்னும் முறையானது, மேலே சொன்ன பைப் உத்தியேதான் அது.

சோதிப்பதற்கு ஜிடிபி-க்குள் வைத்து கன்ட்ரோல்-சி அழுத்த வேண்டாம், சிக்இன்ட்டை ஜிடிபி இடைமறிக்கலாம், வழக்கமான ஓட்டத்தில் நடப்பது போலவே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: புரோகிராமைத் தொடங்கு, சீரற்ற ஒரு கணம் காத்திரு, சிக்டெர்ம் அனுப்பு, பத்து விநாடிக்குள் மூடியதா பார். மூடாவிட்டால் கொல்லாமல் அப்படியே விட்டுவிட்டு நிற்கட்டும். இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் உறைந்த ப்ராசஸ் ஏதாவது இருந்தால் அதை ஜிடிபி-யில் பிடித்து, எல்லா த்ரெட்டின் பேக்ட்ரேஸையும் எடுங்கள். இப்போதுள்ள கோடிலேயே முதலில் இதை ஓட்டிப் பாருங்கள், மாலாக் இரண்டு முறை வரும் ஸ்டாக் உங்களுக்கும் கிடைக்கலாம்.